இருட்டில் வேலை, மறைவில் விளக்கு: மதுரை வட்டார இரவுக் களப்பணிக்கு ஒரு விளக்கம்

அரிட்டாபட்டிப் பாறைகளில் தேவாங்கு கணக்கெடுப்பவர்கள், அழகர்மலை அடிவாரத்தில் பக்கிக் குருவியின் குரலைப் பதிவு செய்பவர்கள், நத்தம் பக்கம் தொலைநோக்கியோடு வானம் பார்க்கப் போகிறவர்கள் என்று யாராக இருந்தாலும் எல்லோருடைய வேலையையும் கெடுப்பது ஒரே பொருள்தான்: அவரவர் கையில் இருக்கும் டார்ச். வெளிச்சம் இல்லாமல் நடக்க முடியாது, எழுத முடியாது, கருவியைப் பூட்ட முடியாது. வெளிச்சம் போட்டால் விலங்கு நகர்ந்துவிடும், பறவை வாயை மூடிக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவரின் கண் அடுத்த அரை மணி நேரத்துக்கு உதவாது.

இதற்கு எல்லோரும் முதலில் செய்வது விளக்கின் அளவைக் குறைப்பது. அது பாதி வைத்தியம்கூட இல்லை. ஏன் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றே சொல்லிவிடும்.

டார்ச் பெட்டியில் '100 மீட்டர்' என்று போட்டிருந்தால், நூறு மீட்டர் தள்ளி அந்த ஒளி 0.25 லக்ஸ் அளவுக்கு விழுகிறது என்று பொருள். ஏறக்குறைய முழுநிலவு தரும் வெளிச்சம் அது. அதிலிருந்து கணக்குப் போட்டால் கற்றையின் நடுவில் ஒளிச்செறிவு 2,500 கேண்டெலா வருகிறது. ஒரு மெழுகுவத்தி ஒரு கேண்டெலா. தெளிந்த இருட்டில் மெழுகுவத்திச் சுடர் ஒன்று வெறுங்கண்ணுக்குச் சுமார் 2.6 கிலோமீட்டர் வரைதான் தெரியும் என்று 2015-இல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விண்மீன்களோடு ஒப்பிட்டு அளந்து காட்டினார்கள். அப்படியானால் 2,500 மெழுகுவத்திகளை ஒரே திசையில் கட்டிவைத்ததுபோன்ற கற்றை, நேர் எதிரே நிற்பவருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மலைமேல் ஒருவர் தலையைத் திருப்பினால் கீழே மேலூர்ச் சாலையில் போகிறவருக்குப் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. டார்ச்சைப் பத்தில் ஒரு பங்காக மங்கலாக்கினால் அது தெரியும் தூரம் பத்தில் ஒன்றாகாது, மூன்றில் ஒன்றாகத்தான் குறையும். நூறில் ஒரு பங்காக்கினால்தான் தூரம் பத்தில் ஒன்றாகும். அதற்குள் உங்கள் காலடியே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். விளக்கின் முகத்தை எதிராளியின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டாலோ, நேரே போகும் ஒளி அந்தத் திசையில் அறவே இல்லை. பிறகு மிஞ்சுவது தரையில் பட்டுச் சிதறும் கொஞ்சம் வெளிச்சம்தான். அதனால் முதலில் மறைக்க வேண்டும், மங்கலாக்குவது அதற்குப் பிறகு. வரிசை மாறினால் பலன் இல்லை.

குழல்

டார்ச்சுக்குக் குழல் போடுவது பத்து நிமிட வேலை. சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட டியூபில் ஒரு சாண் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய டார்ச்சின் தலையில் அது இறுக்கமாக ஏறும். கண்ணாடிக்கு முன்னால் நீண்டிருக்க வேண்டிய பகுதி, கண்ணாடியின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு. 2.5 செ.மீ. விட்டம் என்றால் 7.5 செ.மீ. நீளம். இந்த அளவில் ஒளி நடுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கமும் 18 பாகைக்கு மேல் விரியாது. இடுப்பு உயரத்தில், அதாவது ஒரு மீட்டர் மேலே பிடித்து நேர் கீழே காட்டினால் தரையில் சுமார் 70 செ.மீ. அகல வட்டம் விழும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்க்க அது போதும்.

கெட்டுப்போவது மூன்று இடங்களில். ஒன்று, டியூபின் உட்புறம் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருக்கும். கழுவாமல் மாட்டினால் குழலின் உட்சுவரே விளக்குபோல ஒளிரும், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வெள்ளை வளையம் தெரியும். இரண்டு, ரப்பர் தொய்யும். தொய்ந்தால் வட்டம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, காட்டுகிற இடம் ஒன்றும் ஒளி விழுகிற இடம் வேறொன்றுமாக ஆகிவிடும். உள்ளே கறுப்புச் சார்ட் அட்டையை ஒரு சுற்றுச் சுருட்டிவைத்தால் விறைப்பும் கிடைக்கும், ரப்பரின் பளபளப்பும் மறையும். மூன்றாவது சூடு. எல்இடி டார்ச்சை அதிக வெளிச்சத்தில் வைத்துத் தலையைச் சுற்றி ரப்பர் போர்த்தினால் வெப்பம் வெளியேற வழியில்லை. குழல் போட்ட டார்ச்சைக் குறைந்த அளவில்தான் எரிய விட வேண்டும். கண்ணாடி மேலேயே கறுப்பு டேப் ஒட்டி நடுவில் ஓட்டை போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பசை இளகிக் கண்ணாடியில் படியும், பிறகு அந்த டார்ச் எதற்கும் ஆகாது.

செய்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள். ஒருவர் டார்ச்சோடு வரப்பில் நடக்கட்டும், இன்னொருவர் 50 மீட்டர், 100 மீட்டர் தள்ளி நின்றும் குத்தவைத்தும் பார்க்கட்டும். கொஞ்சம் உயரமான இடம் இருந்தால் அங்கிருந்தும் பார்க்க வேண்டும். பின்பக்கச் சுவிட்சில் பச்சைப் புள்ளி ஒன்று மினுக்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் கண்ணில் படும்.

டார்ச்சைத் தலையில் மாட்டுவதில் ஒரு தொல்லை இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் முகம் திரும்பும், முகத்தோடு கற்றையும் திரும்பிக் கூப்பிட்டவரின் கண்ணில் அடிக்கும். நடக்கும்போது அதைக் கழற்றிக் கையில் பிடிப்பதோ இடுப்புப் பட்டையில் கீழ்நோக்கிக் கட்டுவதோ நல்லது. தாழ்வாகப் பிடித்தால் இன்னொரு பலனும் உண்டு. ஒளி சாய்வாக விழுவதால் கல்லும் குழியும் நீண்ட நிழல் விழுத்தித் தாமாகவே காட்டிக்கொடுக்கும். மடை திருப்பப் போகிறவர்கள் அரிக்கேன் விளக்கை முழங்கால் உயரத்தில் பிடித்து நடந்ததில் இந்த நியாயம் இருக்கிறது.

தரையும் காற்றும்

குழல் போட்டாலும், ஒளி பட்ட பரப்பு தெரியத்தான் செய்யும். இங்கே மதுரைச் சீமையின் மண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் வெளிச்சம் விழுந்தால் மண் அதை விழுங்கிவிடும். மேலூர், அரிட்டாபட்டி, யானைமலை வரிசையின் வெளிறிய மொட்டைப் பாறையில் அதே வெளிச்சம் விழுந்தால் பாறை திரை விரித்ததுபோல் ஒளிரும். பாறைமேல் நடக்கும்போது கரிசலில் வைத்த அளவில் பாதிக்கும் கீழே போதும். அதோடு, செங்குத்துப் பாறை முகத்தில் ஒருபோதும் ஒளி அடிக்கக் கூடாது. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு அங்குள்ள லகர் வல்லூறு போன்ற கொன்றுண்ணிப் பறவைகளும் காரணம். அவை அந்தப் பாறை விளிம்புகளில்தான் அடைகின்றன, கூடு வைக்கின்றன. இரவில் விளிம்பிலிருந்து கலைந்து பறக்கும் பறவைக்குத் திரும்பி உட்கார இடம் தெரியாது.

மார்கழிப் பனியில் கதையே வேறு. வைகைக் கரை வயல்களிலும் பெரியாறு வாய்க்கால் ஓரங்களிலும் பின்னிரவில் பனி தரையோடு படுத்திருக்கும். அதற்குள் டார்ச் அடித்தால் கற்றை முழுவதும் வெள்ளைத் தூணாக நிற்கும். குழல் அதை மறைக்காது. அந்த நேரத்தில் ஒளியைக் கணுக்காலுக்கு மேலே ஏறவிடாமல் வைத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் பனி விலகும்வரை உட்கார்ந்திருப்பதே மேல்.

நகரத்தின் வானொளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கவிந்திருந்தால் மதுரை நகரின் விளக்கொளி மேகத்தில் பட்டுத் திரும்பி, அரிட்டாபட்டி வரைக்கும் தென்மேற்கு வானத்தை வெளுக்க வைக்கும். அந்த வெளுப்பைப் பின்னணியாக்கி முகட்டில் நின்றால், விளக்கே இல்லாவிட்டாலும் ஆள் நிழலுருவமாகத் தெரிவார். முகட்டுக்குச் சற்றுக் கீழே நடப்பது நல்லது.

சிவப்பு எதற்கு, எதற்கு இல்லை

நம் விழித்திரையில் மங்கிய ஒளியைப் பார்க்கும் கோல் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும். வெள்ளை டார்ச்சை ஒரு கணம் முகத்தில் அடித்தாலும் அந்தக் கணக்குத் திரும்ப ஆரம்பத்துக்கு வந்துவிடும். கோல் செல்களுக்கு 500 நானோமீட்டர் பக்கத்து நீலப்பச்சைதான் அதிகம் உறைக்கும், 620-க்கு மேலே போன சிவப்பு மிகக் குறைவாகத்தான் உறைக்கும். சிவப்பு விளக்கின் நியாயம் இவ்வளவே. ஆனால் பலத்த சிவப்பு, மெல்லிய மஞ்சளைவிட அதிகமாகக் கண்ணைக் கெடுக்கும். நிறம் சரியாக இருக்கிறதே என்று அளவைக் கூட்டிவிடுவது அனுபவம் உள்ளவர்களும் செய்யும் தவறு.

சிவப்பு எல்இடி உள்ள டார்ச் கிடைத்தால் வேறு எதுவும் தேவையில்லை. இல்லாவிட்டால் நாடக மேடை விளக்குக்குப் போடும் சிவப்பு ஜெலட்டின் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டலாம். போதுமா என்று பார்க்கப் பழைய சிடி ஒன்று வேண்டும். மடிப்போடு டார்ச்சை எரியவிட்டு, அதன் ஒளியைச் சிடியின் பளபளப்பான பக்கத்தில் சாய்த்துப் பாருங்கள். வானவில்லாகப் பிரிந்து தெரியும். அதில் சிவப்பு மட்டும் இருந்தால் சரி. பச்சையோ நீலமோ ஒரு கீற்றுத் தெரிந்தாலும் இன்னொரு மடிப்புப் போட வேண்டும். கண்ணுக்கு நல்ல சிவப்பாகத் தெரியும் மலிவான தாள்கள் பலவும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

சிவப்பு ஒளியில் சிவப்பும் பழுப்பும் வெள்ளைத் தாளோடு கலந்துவிடும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் பழுப்பு, சாலைகள் சிவப்பு. இரண்டும் சிவப்பு விளக்கின் கீழ்க் காணாமல் போகும். வேண்டியதைப் பகலிலேயே கறுப்புப் பேனாவால் மேலே வரைந்துகொள்ளுங்கள், குறிப்பும் கறுப்பிலேயே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், சிவப்பு ஒளியில் நடப்பது. சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் பழுப்பு, நம் மண் செம்மண். சிவப்பு ஒளியில் பாம்புக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள நிற வேறுபாடு கரைந்துவிடும். அதனால் சிவப்பு எழுதுவதற்கும் கருவியைப் பார்ப்பதற்கும் மட்டும் இருக்கட்டும். கால் நகர்ந்தால் குழல் போட்ட, குறைந்த அளவு மஞ்சள் ஒளி வேண்டும். முழங்கால்வரை பூட்ஸ், கையில் தட்டிக்கொண்டு போக ஒரு கம்பு. விளக்கை மறைக்கிற ஆர்வத்தில் இந்த இடத்தில் சமரசம் செய்துகொள்வதை ஏற்கவே முடியாது.

தேவாங்குக்கு மட்டும் விதி மாறும்

தேவாங்கு கணக்கெடுப்பில் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில்தான் வைத்தாக வேண்டும். அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோன்ற ஒரு படலம் இருக்கிறது. அது ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கை இடுப்பில் கட்டிவிட்டுக் கண்ணால் தேடினால் திரும்பிவரும் ஒளி இடுப்புக்குத்தான் போகும், நம் கண்ணுக்கு வராது. அதனால் நெற்றி விளக்கு, சிவப்பு, குறைந்த அளவு. புதர் விளிம்பையும் முள்மரக் கிளைகளையும் மெதுவாகத் துழாவிக்கொண்டு போக வேண்டும்.

ஆரஞ்சும் சிவப்பும் கலந்த இரண்டு புள்ளிகள், முன்பக்கம் பார்த்தபடி ஒன்றாகச் சேர்ந்து மெல்ல நகர்ந்தால் அது தேவாங்காக இருக்கலாம். தரையில் பொடிப்பொடியாக மினுங்குபவை சிலந்திகள். வண்டித்தடத்தில் உட்கார்ந்து சிவப்பாக ஒளிர்வது பெரும்பாலும் பக்கி. கண் தட்டுப்பட்ட உடனே கற்றையின் நடுப்பகுதியைப் பக்கத்துக் கிளைக்கு நகர்த்திவிடுங்கள். ஓரத்தில் சிதறும் மங்கிய ஒளியே விலங்கு என்ன செய்கிறது என்று பார்க்கப் போதும். தேவாங்குக்குச் சிவப்பு அறவே தெரியாது என்று நம்பி நெடுநேரம் முகத்தில் அடிப்பது தவறு. வெள்ளையைவிடக் குறைவாக உறுத்தும், அவ்வளவுதான்.

மறந்துபோகும் விளக்குகள்

டார்ச்சை ஒழுங்குபடுத்தியவர்களைக் காட்டிக்கொடுப்பது மற்ற சில்லறை விளக்குகள். கைபேசியில் அழைப்பு வந்தால் திரை முகத்தை வெள்ளையாக்கும். விமானப் பயன்முறையில் போட்டு, வெளிச்சத்தைக் கடைசி அளவுக்கு இறக்கி, திரையின் மேல் அதே ஜெலட்டின் தாளை ஒட்டிவிடுவது எளிது. கேமராவில் குவியம் தேட உதவும் விளக்கையும், படம் எடுத்ததும் தானாகத் திரையில் காட்டுவதையும் அமைப்பில் நிறுத்தி வையுங்கள். பவர் பேங்க், ஒலிப்பதிவுக் கருவி, ஜிபிஎஸ் இவற்றின் புள்ளி விளக்குகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று. ஒரு சுற்றில் நீலம் கசியும். பையிலும் காலணியிலும் தைத்திருக்கும் ஒளிரும் பட்டைகள், எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில், மூக்குக் கண்ணாடி எல்லாம் அடுத்தவர் டார்ச்சைத் திருப்பி அடிக்கும்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அணைக்கச் சுவிட்ச் கிடையாது. களத்துக்கே ஓட்டிப்போய் நிறுத்தினால் அந்த இடம் முழுவதும் ஒருமுறை வெள்ளையாகிவிடும். கொஞ்சம் முன்பே சாலையோரம் நிறுத்திவிட்டு நடப்பதுதான் வழி. காரில் வந்தால் உள்விளக்கை 'ஆஃப்' நிலையில் வைப்பதோடு நிற்காதீர்கள். டிக்கி விளக்கு தனி. ரிமோட்டில் திறந்தால் நான்கு இண்டிகேட்டரும் கண்ணடிக்கும், சாவி போட்டுத் திறக்க வேண்டும்.

குறிப்பு எழுத ஒருவர் கூடாரத்துக்குள் விளக்கு ஏற்றினால் கூடாரமே பெரிய விளக்காகிவிடும். தடித்த கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே சிவப்பு ஒளியில் எழுதலாம். மெல்லிய துணி ஒளியைக் கசியவிடும், போகும் முன் வீட்டு மொட்டைமாடியில் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதல் மழைக்குப் பிறகான இரவுகளில் ஈசல் இருக்கிறது. வெள்ளை எல்இடியை ஒரு கல்மேல் வைத்துவிட்டால் ஈசல் மொய்க்கும், ஈசலைத் தின்னத் தவளையும் தேரையும் வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். வைத்த விளக்கு ஒரு மணி நேரத்தில் நம் காலடியில் ஒரு விருந்து கூட்டிவிடும். நீலமும் புற ஊதாவும் இல்லாத மஞ்சள், சிவப்பு ஒளிக்குப் பூச்சி குறைவாகவே வரும். எப்படியானாலும் விளக்கைக் கீழே வைத்துவிட்டு நகராதீர்கள், வேலை முடிந்ததும் அணையுங்கள்.

யாரிடமிருந்து மறைக்கிறோம்

விலங்கிடமிருந்தும் சக பணியாளரின் கண்ணிடமிருந்தும்தான். ஊர்க்காரர்களிடமிருந்தோ வனத்துறையிடமிருந்தோ அல்ல. இரவில் மலையடிவாரத்தில் விளக்கு அசைந்தால் ஊருக்குத் தோன்றும் முதல் நினைப்பு முயல் வேட்டை, அடுத்தது மணல் திருட்டு. மங்கிய சிவப்பு விளக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், தேவாங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். வனச்சரக அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இருக்க வேண்டும். அதோடு, எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிவரை என்று ஊர்ப் பெரியவர்களிடமும் தோட்டக் காவலுக்குப் படுப்பவர்களிடமும் பகலிலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டும். எதிரே ஆள் வந்தால் மறைப்பை எடுத்து, விளக்கைத் தன் முகத்துக்கே காட்டி, "ஐயா, நாங்கதான், சாயங்காலம் சொல்லிட்டுப் போனோம்ல" என்று குரல் கொடுப்பது மரியாதை. பாதுகாப்பும் அதுதான்.

போகும் வழியைப் பகலில் ஒருமுறை நடந்து பார்க்காமல் இரவில் இறங்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகள் வயல் நடுவே இருக்கின்றன. மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகள் செங்குத்தாக வெட்டப்பட்டு நீர் நிரம்பிக் கிடக்கின்றன. 70 செ.மீ. வட்டத்தில் அவற்றின் விளிம்பு தெரியும்போது ஒரு அடிதான் மிச்சம் இருக்கும். அந்த இடங்களைச் சுற்றிப் போகும் தடத்தைக் குறித்துக்கொண்டு, குழுவில் எல்லோரும் அதே தடத்தில் போக வேண்டும். சிறுமலைச் சரிவில் வேலை என்றால் காட்டுமாடு இருக்கிறது. அங்கே இருட்டில் சத்தமில்லாமல் நடந்து அதன் மேலேயே போய் மோதும்படி வைத்துக்கொள்ளக் கூடாது, உள்ளூர் வனப் பணியாளர் இல்லாமல் இரவில் போகவே கூடாது.

குழுத் தலைவரின் பையில் குழலும் தாளும் இல்லாத பலமான வெள்ளை டார்ச் ஒன்று, முழுச் சார்ஜில், எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். யாருக்காவது பாம்பு கடித்தால், யாராவது விழுந்தால், மறைப்பெல்லாம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. சிவப்பு ஒளியில் ரத்தம் கண்ணுக்கே தெரியாது, காயத்தை வெள்ளையில்தான் பார்க்க வேண்டும். எல்லா விளக்கையும் போட்டு, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இடம் தெரிய, அதே வெள்ளை டார்ச்சைச் சாலையோரம் ஒருவர் உயர்த்திப் பிடித்து நிற்கட்டும்.